பழைய யூ-கி-ஓ டெக்கைப் புதுக் கார்டுகளால் மீட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூ-கி-ஓ கார்டு விளையாட்டைக் கொனாமி நிறுவனம் ஜப்பானில் 1999-இல் தொடங்கியது. வட அமெரிக்காவுக்கு ஆங்கிலக் கார்டுகள் 2002-இல் வந்தன. டெக் என்பது ஆடுவதற்கென ஒருவர் தேர்ந்து கட்டிய கார்டுக் கட்டு. அந்தக் காலத்து டெக்கைத் தூக்கி எறிய மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் பலர். புதுக் கார்டுகள் சேர்த்து அதை மறுபடியும் மேசைக்குக் கொண்டுவர முடியுமா என்பதை ஒட்டி எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். முடியும் என்பதுதான் என் பதில். ஆனால் எந்தப் புதுக் கார்டு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இருபது ஆண்டுப் பழைய கார்டுகளை இன்றைய போட்டியில் பயன்படுத்த அனுமதி உண்டா?

உண்டு. மேஜிக் விளையாட்டின் ஸ்டாண்டர்டு பிரிவிலும் போக்கிமானின் ஸ்டாண்டர்டு பிரிவிலும் பழைய தொகுப்புகள் காலக்கெடு முடிந்ததும் விலக்கப்படும். யூ-கி-ஓவின் முதன்மைப் போட்டி முறையில் அப்படி ஒரு சுழற்சி கிடையாது. 2002-இல் அச்சான கார்டும் சென்ற மாதம் வந்த கார்டும் ஒரே டெக்கில் இருக்கலாம். தடை மற்றும் கட்டுப்பாட்டுப் பட்டியலை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 'பாட் ஆஃப் கிரீட்' போன்ற சில பழைய கார்டுகள் பல ஆண்டுகளாகத் தடையில் இருக்கின்றன. மெயின் டெக்கில் 40 முதல் 60 கார்டுகள், சிறப்பு மான்ஸ்டர் (போரிடும்) கார்டுகளுக்கான எக்ஸ்ட்ரா டெக்கிலும், ஆட்டங்களுக்கிடையில் மாற்றிக்கொள்ளும் கார்டுகளுக்கான சைடு டெக்கிலும் தலா 15 வரை, ஒரே பெயருள்ள கார்டு அதிகபட்சம் 3 என்பது அடிப்படைக் கணக்கு.

சுழற்சி இல்லாததால்தான் இந்த விளையாட்டில் பழைய டெக்குகளுக்கு மறுபிறவி சாத்தியமாகிறது. கொனாமியும் இதை அறிந்தே ஏறக்குறைய ஒவ்வொரு தொகுப்பிலும் ஏதாவது ஒரு பழைய டெக்குக்கான கார்டுகளைச் சேர்க்கிறது.

கார்டு அதே கார்டுதானே, டெக் எப்படிப் பழையதாகிறது?

'ப்ளூ-ஐஸ் வைட் டிராகன்' கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாக்குதல் பலம் 3000. இன்றும் அது மதிக்கத்தக்க எண்தான். ஆனால் அதை முறைப்படி களமிறக்க இரண்டு மான்ஸ்டர்களைப் பலி கொடுக்க வேண்டும், சாதாரண சம்மன், அதாவது கையிலிருந்து வழக்கமாகக் களமிறக்குவது, ஒரு முறைக்கு (ஒருவரின் ஆட்ட வாய்ப்புக்கு) ஒன்றுதான். வேறு உதவி இல்லையென்றால் மூன்றாவது முறையில்தான் டிராகன் வரும். 2008-இல் சிங்க்ரோ, 2011-இல் எக்ஸீஸ், 2014-இல் பெண்டுலம், 2017-இல் லிங்க் என்று புதிய சம்மன் வகைகள் வந்தபின், இருவரும் ஆளுக்கொரு முறை ஆடுவதற்குள்ளேயே ஆட்டத்தின் போக்கு தீர்மானமாகிவிடுகிறது. மூன்றாவது முறைக்காகக் காத்திருப்பவருக்கு அந்த முறை வருவதே அரிது.

ஆக, பழையதானது டிராகனின் பலம் அல்ல, அது களத்துக்கு வரும் வழி. உங்கள் டெக்கைப் பார்க்கும்போதும் முதலில் இதையே கேளுங்கள்: முக்கியக் கார்டு கைக்கு வருவதில்லையா, கைக்கு வந்தும் இறங்க முடிவதில்லையா, இறங்கி அழிந்தபின் திரும்ப முடிவதில்லையா? நோய் எதுவென்று தெரியாமல் புதுக் கார்டு வாங்குவதில்தான் பெரும்பாலானோரின் பணம் வீணாகிறது.

நல்ல புதுக் கார்டு என்ன செய்யும்? ஓர் எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

அதே ப்ளூ-ஐஸ் டெக்கில் 2016-இல் நடந்ததைப் பார்ப்போம். அந்த ஆண்டு 'ப்ளூ-ஐஸ் ஆல்டர்நேட்டிவ் வைட் டிராகன்' வந்தது. அதுவும் 3000 பலமுள்ள எட்டாம் நிலை மான்ஸ்டர்தான். ஆனால் அதை இறக்க யாரையும் பலி கொடுக்க வேண்டாம். கையில் இருக்கும் அசல் ப்ளூ-ஐஸ் டிராகனை எதிராளிக்குக் காட்டினால் போதும், இது நேரே களத்துக்கு வந்துவிடும். வந்தபின், தாக்குவதை விட்டுக்கொடுத்து எதிராளியின் ஒரு மான்ஸ்டரை அழிக்கவும் அதற்கு முடியும்.

இந்த நிபந்தனை எவ்வளவு நுட்பமானது என்று பாருங்கள். அதுவரை தொடக்கக் கையில் அசல் டிராகன் வந்தால் அது பாரம். எதற்கும் உதவாமல் தூங்கும். புதுக் கார்டு வந்ததும் அதே தூங்கும் டிராகன் கதவைத் திறக்கும் சாவி ஆனது. டெக்கின் மிகப் பெரிய பலவீனம் எதுவோ அதுவே அதன் தொடக்கப் புள்ளியாக மாறியது.

அதே ஆண்டு 'ஷைனிங் விக்டரீஸ்' தொகுப்பில் வந்த 'சேஜ் வித் ஐஸ் ஆஃப் ப்ளூ' சாதாரண சம்மனில் களமிறங்கினால், டெக்கிலிருந்து முதல் நிலை ஒளி வகை டியூனர் (சிங்க்ரோ சம்மனுக்குத் தேவையான மான்ஸ்டர்) ஒன்றைக் கைக்கு எடுத்துத் தரும். 'தி ஒயிட் ஸ்டோன் ஆஃப் ஏன்ஷியன்ட்ஸ்' கல்லறைக்கு, அதாவது பயன்படுத்திய கார்டுகளின் குவியலுக்குப் போனால், அந்த முறை முடியும்போது டெக்கிலிருந்து ஒரு ப்ளூ-ஐஸ் மான்ஸ்டரை இறக்கும். முதல் நிலை டியூனரும் எட்டாம் நிலை டிராகனும் சேர்ந்தால் ஒன்பதாம் நிலை 'ப்ளூ-ஐஸ் ஸ்பிரிட் டிராகன்' என்ற சிங்க்ரோ. அது களத்தில் இருக்கும்வரை யாரும் ஒரே நேரத்தில் இரண்டு மான்ஸ்டர்களைச் சேர்த்து ஸ்பெஷல் சம்மன் (சாதாரண சம்மன் அல்லாத களமிறக்கம்) செய்ய முடியாது. ஒரே மூச்சில் பலரை இறக்கும் பெண்டுலம் டெக்குகள் கோலோச்சிய காலம் அது என்பதை நினைவில் வையுங்கள்.

பலன் என்ன தெரியுமா? 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் ஜப்பானின் ஷுன்சுகே ஹியாமா ப்ளூ-ஐஸ் டெக்கோடுதான் பட்டம் வென்றார். விளையாட்டின் மிகப் பழைய மான்ஸ்டர்களில் ஒன்று, அதன் மிகப் பெரிய மேடையில் வென்றது. பழைய டெக்கை நேசிக்கும் எவருக்கும் இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

2025-இல் வந்த 'ப்ளூ-ஐஸ் வைட் டெஸ்டினி' ஸ்ட்ரக்சர் டெக்கும் (கட்டியே விற்கப்படும் ஆயத்த டெக்) இதே வழியில்தான் போகிறது. அதில் உள்ள 'மெய்டன் ஆஃப் வைட்' களமிறங்கினால் 'ட்ரூ லைட்' என்ற ட்ராப் (பொறி) கார்டை டெக்கிலிருந்து எடுத்து நேரே களத்தில் வைக்கலாம். அந்த ட்ராப், அசல் டிராகனைக் கையிலிருந்தோ கல்லறையிலிருந்தோ இறக்கும்.

ப்ளூ-ஐஸ் எல்லோருக்கும் தெரிந்த கார்டு, அதனால் கவனிக்கிறார்கள். சாதாரண டெக்குக்கு இப்படி நடக்குமா?

நடக்கும். எனக்கு மிகவும் பிடித்த மறுபிறவியே அப்படிப்பட்ட ஒன்றுதான்: டார்க் வேர்ல்ட் என்ற பேய்க் கூட்டம்.

2005-இல் 'எலிமென்டல் எனர்ஜி' தொகுப்பில் இந்தப் பேய்கள் அறிமுகமாயின. இவற்றின் குணம் விசித்திரமானது. ஒரு கார்டின் விளைவால் கையிலிருந்து கைவிடப்பட்டால், அதாவது கல்லறைக்குத் தள்ளப்பட்டால்தான், இவை விழித்துக்கொள்ளும். 'சில்வா', 'கோல்டு' இரண்டும் கைவிடப்பட்டதும் களத்துக்கு வரும். அதோடு ஒவ்வொன்றிலும் இன்னொரு வரியும் இருந்தது: எதிராளியின் கார்டு விளைவால் கைவிடப்பட்டால் கூடுதல் பலன். கோல்டு அப்படிக் கைவிடப்பட்டால் எதிராளியின் இரண்டு கார்டுகள் வரை அழிக்கும். சில்வா என்றால் எதிராளி தன் கையிலிருந்து இரண்டு கார்டுகளை டெக்கின் அடியில் வைக்க வேண்டும். படிக்க அருமையாக இருக்கும். ஆனால் டார்க் வேர்ல்ட் ஆடுபவரைக் கார்டு கைவிடச் சொல்ல எந்த எதிராளிக்குத்தான் தோன்றும்? அந்த இரண்டாவது வரி அச்சில் மட்டுமே வாழ்ந்தது என்று சொல்லலாம்.

2011-இல் 'கேட்ஸ் ஆஃப் தி அண்டர்வேர்ல்ட்' ஸ்ட்ரக்சர் டெக் வந்தது. 'ஸ்னோ' கைவிடப்பட்டால் டெக்கிலிருந்து ஒரு டார்க் வேர்ல்ட் கார்டைத் தேடித் தரும். 'கிராஃபா' கைவிடப்பட்டால் எதிராளியின் ஒரு கார்டை அழிக்கும். பிறகு களத்தில் இருக்கும் வேறொரு டார்க் வேர்ல்ட் மான்ஸ்டரைக் கைக்குத் திருப்பி, தான் கல்லறையிலிருந்து எழுந்து வரும். கைக்குத் திரும்பிய அந்த மான்ஸ்டரை மறுபடியும் கைவிடலாம். கைவிட்டுக் கைவிட்டுக் கை காலியாகிப் போவதுதான் பழைய டெக்கின் குறை. அதைக் கிராஃபா தீர்த்துவைத்தது.

உண்மையான விருந்து 2022-இல் வந்த டார்க் வேர்ல்ட் ஸ்ட்ரக்சர் டெக்கில் இருந்தது. அதில் கிராஃபாவுக்கு ஒரு ஃப்யூஷன் (இணைப்பு) வடிவம் கிடைத்தது. எதிராளி சாதாரண ஸ்பெல் (மந்திர) கார்டையோ ட்ராப்பையோ மான்ஸ்டர் விளைவையோ பயன்படுத்தும்போது, அந்த விளைவையே 'உன் எதிராளி ஒரு கார்டைக் கைவிட வேண்டும்' என்று இது மாற்றிவிடும். விளைவு எதிராளியுடையது, கைவிடுபவர் நீங்கள். கையில் இருக்கும் கோல்டைக் கைவிடுகிறீர்கள். கோல்டு களத்துக்கு வருகிறது, கூடவே எதிராளியின் இரண்டு கார்டுகளை அழிக்கிறது. 2005-இல் எழுதப்பட்டு உறங்கிக் கிடந்த அந்த இரண்டாவது வரி பதினேழு ஆண்டுகள் கழித்துப் பேசத் தொடங்கியது. அந்த ஃப்யூஷன் கார்டை வடிவமைத்தவர் பழைய கார்டுகளை வரிவிடாமல், அக்கறையோடு படித்திருக்கிறார் என்றே நம்புகிறேன்.

புதுக் கார்டைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோலும் இதுதான். அது வந்தபின், டெக்கில் ஏற்கெனவே இருக்கும் பழைய கார்டின் ஏதாவது ஒரு வரி முன்பைவிட அதிகம் வேலை செய்கிறதா? செய்தால் வாங்குங்கள். புதுக் கார்டு தனியாக நன்றாக இருக்கிறது, பழையவற்றோடு பேசவே இல்லை என்றால், அது வேறு டெக்குக்கான கார்டு.

ஓர் எச்சரிக்கை. கைவிடுவது விளைவாக இருக்க வேண்டும், கட்டணமாக (விளைவைத் தொடங்கக் கொடுக்கும் விலையாக) இருந்தால் டார்க் வேர்ல்ட் மான்ஸ்டர்கள் விழிக்காது. எட்டாம் நிலை மான்ஸ்டரைக் கைவிட்டு இரண்டு கார்டு எடுக்கச் சொல்லும் 'ட்ரேட்-இன்' ஸ்பெல்லுக்குக் கிராஃபாவைக் கொடுத்தால் கார்டுகள் கிடைக்கும், ஆனால் எதிராளியின் கார்டு அழியாது. ஏனென்றால் அங்கே கைவிடுவது கட்டணம். கார்டில் அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பது கட்டணம், பின்னால் இருப்பது விளைவு என்று படித்துப் பழகுங்கள்.

எந்த வகைப் புதுக் கார்டை முதலில் வாங்க வேண்டும்?

தேடித் தரும் கார்டுகளை. கணக்கைப் பாருங்கள். 40 கார்டு டெக்கில் ஒரு கார்டை மூன்று பிரதிகள் வைத்தால், முதல் ஐந்து கார்டுகளில் குறைந்தது ஒன்றாவது வருவதற்கு வாய்ப்பு ஏறக்குறைய 34 சதவீதம். அதைத் தேடித் தரும் கார்டு இன்னும் மூன்று சேர்த்தால், அதாவது மொத்தம் ஆறு இருந்தால், வாய்ப்பு 58 சதவீதமாகிறது. ஒன்பது என்றால் 74, பன்னிரண்டு என்றால் 85. மூன்றில் ஓர் ஆட்டத்தில் மட்டும் ஓடும் டெக்கை ஐந்தில் நான்குக்கு மேல் ஓடும் டெக்காக மாற்றுவது இந்தத் தேடல் கார்டுகள்தான். பெரிய பலமுள்ள மான்ஸ்டர்தான் கண்ணைப் பறிக்கும். வேலையைச் செய்வது பெயர் தெரியாத முதல் நிலை மான்ஸ்டர்.

பழைய கார்டுகளில் எதை எடுத்துவிடுவது? மனசே வரவில்லை.

வராதுதான். ஆனாலும் 60 கார்டு டெக்காக வீங்கவிடாதீர்கள். மூன்று பிரதிகள் வைத்த கார்டு தொடக்கக் கையில் வரும் வாய்ப்பு, 60 கார்டு டெக்கில் 23 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நேசிக்கும் கார்டை அதிகம் பார்க்க வேண்டுமென்றால் டெக் சிறியதாக இருக்க வேண்டும்.

முதலில் வெளியேற வேண்டியவை, முக்கியக் கார்டைக் காப்பாற்றுவதற்காகவே அந்தக் காலத்தில் சேர்த்த மெதுவான ட்ராப்களும், பலி கொடுப்பதற்காகவே வைத்திருந்த சிறு மான்ஸ்டர்களும். அவற்றின் வேலையைப் புதியவை எடுத்துக்கொண்டன. முக்கியக் கார்டைத் தொடாதீர்கள். மூன்று டிராகனை இரண்டாகக் குறைப்பதுகூடக் கடைசியில் யோசிக்க வேண்டிய விஷயம், ஏனெனில் ஆல்டர்நேட்டிவ் டிராகனுக்குக் கையில் காட்ட ஒன்று வேண்டும்.

எல்லா டெக்கிலும் இருக்கும் பொதுவான கார்டுகளைச் சேர்க்க வேண்டுமா?

எதிராளியின் முறையில் கையிலிருந்தே குறுக்கிடும் கார்டுகள் இன்று தவிர்க்க முடியாதவை. 2017-இல் ஆங்கிலத்தில் வந்த 'ஆஷ் ப்ளாசம் அண்ட் ஜாயஸ் ஸ்பிரிங்' அவற்றில் முதன்மையானது. எதிராளி டெக்கிலிருந்து கார்டு தேடும்போதோ மான்ஸ்டர் இறக்கும்போதோ அதைத் தடுக்கும். இப்படிப்பட்டவை சில தேவை. ஆனால் இங்கேயும் பழைய டெக்கோடு பேசும் கார்டைத் தேடுங்கள். 2010-இல் வந்த 'எஃபெக்ட் வெய்லர்' கையிலிருந்து எதிராளி மான்ஸ்டரின் விளைவை முடக்கும். அது முதல் நிலை ஒளி வகை டியூனர். முன்பு சொன்ன சேஜ் தேடித் தருவதும் அதே வகைதான். ஆகவே ப்ளூ-ஐஸ் டெக்கில் சேஜை இறக்கினால் எஃபெக்ட் வெய்லர் உங்கள் கைக்கு வரும். டெக்கின் இயல்பான ஓட்டத்திலேயே தற்காப்பும் கிடைக்கிறது. இதுபோன்ற பொருத்தத்தைக் கண்டுபிடிப்பது இந்த விளையாட்டின் பெரிய இன்பங்களில் ஒன்று.

விதிகள் மாறிவிட்டனவாமே?

சில மாறியிருக்கின்றன. 2014 முதல், முதலில் ஆடுபவர் தன் முதல் முறையில் கார்டு எடுப்பதில்லை. 2017-இல் லிங்க் வந்தபோது, எக்ஸ்ட்ரா டெக் மான்ஸ்டர்களை அதற்கென உள்ள தனி இடத்திலோ லிங்க் மான்ஸ்டரின் அம்பு காட்டும் இடத்திலோ மட்டுமே இறக்கலாம் என்றார்கள். சிங்க்ரோ, எக்ஸீஸ், ஃப்யூஷன் டெக்குகள் அதில் மிகவும் நொந்தன. 2020 ஏப்ரலில் அந்த மூன்று வகைக்கும் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். ஒரு புதுக் கார்டுகூட வாங்காமல் பல பழைய டெக்குகள் அன்றே மூச்சுவிட்டன. 2017-க்கும் 2020-க்கும் இடையில் சலித்துப்போய் விட்டவராக நீங்கள் இருந்தால், உங்கள் டெக்கை அப்படியே ஒருமுறை ஆடிப் பாருங்கள்.

எவ்வளவு செலவாகும்? எதை, எங்கே பார்த்து வாங்குவது?

பூஸ்டர் பாக்கெட்டுகளைப் பிரித்து வேண்டிய கார்டு வரும் என்று காத்திருக்காதீர்கள். தேவையான கார்டைத் தனியாக வாங்குவதே மலிவு. உங்கள் டெக்குக்கு ஸ்ட்ரக்சர் டெக் வந்திருந்தால் அதுதான் சிறந்த வழி. முக்கியக் கார்டுகள் பெரும்பாலும் ஒவ்வொன்றே இருப்பதால் ஒரே ஸ்ட்ரக்சர் டெக்கை மூன்று பெட்டி வாங்குவது ஆட்டக்காரர்களின் வழக்கம். பளபளப்பு வகை எதுவானாலும் ஆட்டத்தில் வேறுபாடு இல்லை. மறு அச்சு வந்தால் விலை பொதுவாக இறங்கும் என்பதால், அவசரமில்லாத கார்டுக்குக் காத்திருக்கலாம்.

இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். ஒன்று, ஆசியப் பதிப்பும் மேற்கத்தியப் பதிப்பும் தனித்தனி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடப்பது ஆசியப் பதிப்பு. வட அமெரிக்கா, ஐரோப்பா போன்ற இடங்களில் மேற்கத்தியப் பதிப்பு. ஜப்பானிய அச்சுக் கார்டை மேற்கத்தியப் போட்டிக்குக் கொண்டுபோனால் அனுமதிக்க மாட்டார்கள். தடைப்பட்டியலும் இரண்டுக்கும் வேறு. இன்னொன்று, சிறுவயதில் பெட்டிக்கடையில் வாங்கிய கார்டுகள் அசலா என்று பாருங்கள். அசல் கார்டின் கீழ்ப்புறம் வலது மூலையில் தங்கம் அல்லது வெள்ளி நிறத்தில் சிறிய ஹாலோகிராம் சதுரம் மின்னும். அது இல்லையென்றால் வீட்டில் ஆடலாம், போட்டிக்கு ஆகாது.

என் டெக்குக்குப் புதுக் கார்டு வரவே இல்லையே?

'கேட் கார்டியன்' டெக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் நிலை மான்ஸ்டர்கள் மூன்றை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பலி கொடுத்து இறக்கி, பிறகு அந்த மூன்றையும் பலி கொடுத்தால்தான் 3750 பலமுள்ள அந்தக் காவலன் வருவான். 2002 முதல் அதை ஆட்டத்தில் இறக்க முயன்றவர்கள் பிடிவாதக்காரர்கள் மட்டுமே. 2023-இல் 'மேஸ் ஆஃப் மெமரீஸ்' தொகுப்பில் அந்த மூவரும் இணையும் ஃப்யூஷன் மான்ஸ்டர்களும் துணைக் கார்டுகளும் வந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த டெக் அது.

அதுவரை காத்திருக்க முடியாதென்றால், டெக்கை மாற்றாமல் காலத்தை மாற்றலாம். 2005-ஆம் ஆண்டுக் கார்டுகளோடும் பட்டியலோடும் ஆடும் 'கோட்' முறையும், 2010-ஐச் சேர்ந்த 'எடிசன்' முறையும் உலகெங்கும் ஆடப்படுகின்றன. கொனாமியே 'டைம் விசார்டு' என்ற பெயரில் இப்படிப்பட்ட போட்டிகளை நடத்துகிறது. அங்கே உங்கள் டெக் பழையதே அல்ல.

புதுக் கார்டுகள் சேர்த்தாயிற்று. சரியாக ஓடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

எதிராளி வேண்டாம். டெக்கைக் கலைத்து ஐந்து கார்டு எடுங்கள். முதல் முறையில் இந்தக் கையால் எங்கே போய் நிற்க முடியும் என்று மேசையில் ஆடிப் பாருங்கள். முடிந்ததும் இரண்டே கேள்விகள்: கையில் கடைசிவரை எந்தக் கார்டு சும்மா இருந்தது, முக்கியக் கார்டு களத்துக்கு வந்ததா? எழுதிவைத்துக்கொண்டு மறுபடியும் கலையுங்கள். ஒரு மாலை முழுக்க இதைச் செய்தால், எந்தக் கார்டின் பெயர் 'சும்மா இருந்தது' பட்டியலில் திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் வெளியேற வேண்டியது. பல சமயம் அது ஆசையோடு வாங்கிய புதுக் கார்டாகவே இருக்கும்.

செலவில்லாமல் சோதிக்க 2022-இல் வந்த 'மாஸ்டர் டூயல்' என்ற இலவசச் செயலி இருக்கிறது. வேண்டாத கார்டு ஒன்றை உடைத்தால் பத்துப் புள்ளி, அதே தரத்தில் வேண்டிய கார்டைச் செய்ய முப்பது புள்ளி. ஆகவே அங்கேயும் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் யோசித்துத்தான் செலவிட வேண்டும். அதன் தடைப்பட்டியல் தனி, காகிதக் கார்டுகளுக்கான பட்டியலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே சில நாட்கள் ஆடிவிட்டு, தேறிய கார்டுகளை மட்டும் காகிதத்தில் வாங்குங்கள்.